திரும்பும் வழியில் விளைந்த பனி: மலைப்பூண்டுக் குருத்துநுனிகள் உறைகாப்பில் கெட்ட நிகழ்வு பற்றிய ஆய்வு

கொடைக்கானல் மேல்மலையில் பயிராகும் மலைப்பூண்டின் குருத்துநுனிகளைத் திரவ நைட்ரஜனில் நெடுங்காலம் வைத்துக் காக்க இயலுமா என்று எங்கள் சிறிய திசு வளர்ப்புக் கூடத்தில் முயன்றபோது, முதல் தொகுதியில் வைத்த 40 நுனிகளில் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. இரண்டாம் தொகுதியும் அவ்வாறே போயிற்று. பயன்படுத்திய முறை புதியதன்று; வேறு நாடுகளின் மரபுவள வங்கிகள் பூண்டுக்கென்றே பல ஆண்டுகளாகக் கையாண்டுவரும் முறைதான். ஆகவே முறை தவறா, நாங்கள் செய்தது தவறா என்ற கேள்விக்கு இடமில்லை; தவறு எங்களுடையதே. அது எந்தப் படியில் நேர்ந்தது என்பதையும், அதைக் கண்டுகொள்ள ஏன் ஏழு வாரங்கள் ஆயின என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பூண்டை ஏன் இப்படிக் காக்க வேண்டும் என்பதற்கு அதன் இயல்பே காரணம். நம் நாட்டில் பயிராகும் பூண்டு விதை கட்டுவதில்லை. பல்லை ஊன்றித்தான் அடுத்த பயிரை எடுக்க வேண்டும் என்பதால், நெல்லையோ கேழ்வரகையோ போல உலர்த்தி உறையிலிட்டுக் குளிரறையில் அடுக்கிவைக்க வழியில்லை. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் அறுவடையான பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் புகைபடும்படி தொங்கவிட்டு, வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பியதுபோக மீதத்தை விதைக்கு ஒதுக்குகிறார்கள். அந்த ஒதுக்கீடு ஒரு பருவம் தவறினால் அந்தக் குடும்பத்தின் விதைப்பூண்டு அத்தோடு முடிந்தது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயருக்கு மதிப்புக் கூடியது என்பது உண்மை. ஆனால் குறியீடு பெயரைக் காக்குமே தவிர, பல்லைக் காக்காது. தலைமுறை தலைமுறையாகப் பல்வழியே பெருக்குவதால் நச்சுயிரிகளும் கூடவே வருகின்றன என்பது இன்னொரு தொல்லை.

நாங்கள் பின்பற்றிய முறை சுருக்கமாக இது. பூண்டுப் பல்லைப் பிளந்து, உள்ளிருக்கும் குருத்தின் நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் வெட்டியெடுத்து, சர்க்கரை கூடுதலாக உள்ள வளர்ப்பு ஊடகத்தில் (திசுவுக்குச் சத்தூட்டும் கலவையில்) 10 டிகிரி குளிரில் இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். பிறகு பி.வி.எஸ். 3 எனப்படும் கரைசலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஊறவிட வேண்டும். நூறு மில்லிலிட்டரில் 50 கிராம் கிளிசராலும் 50 கிராம் சர்க்கரையும் கொண்ட அந்தக் கரைசல், பதம் வந்த பாகு போல இருக்கும். அது திசுவுக்குள் இருக்கும் நீரைப் பெருமளவு வெளியே இழுத்துவிடுகிறது. அதன்பின் குப்பியோடு திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி, வேண்டும்போது எடுத்து 40 டிகிரி வெந்நீரில் விரைவாகச் சூடேற்றி, 1.2 மோலார் சர்க்கரைக் கரைசலில் அலசி, ஊடகத்தில் நட வேண்டும்.

இத்தனை பாடும் ஒரே நோக்கத்துக்காகத்தான்: திசுவுக்குள் பனிப்படிகம் உருவாகக் கூடாது. நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் கூடுகிறது என்பது பள்ளிப் பாடம். ஆனால் செல்லைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் பருமன் அன்று. படிகம் செல்லுக்குள்ளேயே வளர்ந்து சவ்வுகளைச் சிதைப்பதும், படிகமாகாமல் எஞ்சிய நீரில் உப்புகள் செறிந்துவிடுவதுமே பெரிய கேடுகள். குளிர்விக்கும்போது நீர் படிகமாகாமல், மூலக்கூறுகள் ஒழுங்கற்ற நிலையிலேயே இறுகிக் கண்ணாடி போலத் திண்மமாகிவிட்டால் இவ்விரு கேடும் இல்லை. தூய நீரைக் கண்ணாடியாக்க நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவில் குளிர்விக்க வேண்டும். உயிர்த்திசுவில் அது நடவாது. நீரின் பெரும்பகுதியை வெளியேற்றி, மீந்ததை கிளிசரால், சர்க்கரை போன்றவற்றோடு கலந்துவிட்டால் அதே காரியம் மிகக் குறைந்த வேகத்திலேயே நடக்கும். 1985-இல் ரால், ஃபாகி என்ற ஆய்வாளர்கள் எலிக் கருக்களை இவ்வழியில் -196 டிகிரியில் கண்ணாடியாக்கி உயிரோடு மீட்டார்கள். 1990-இல் ஜப்பானின் அகிரா சகாயும் உடன் ஆய்ந்தவர்களும் ஆரஞ்சு செல்களுக்கென்று உருவாக்கிய கரைசல் தாவரங்களுக்கு வழி திறந்தது.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

முதல் தொகுதி கெட்டதும் எங்கள் ஐயம் இயல்பாகவே குளிர்விப்பின் மேல் விழுந்தது. மலையில் வாழ்பவருக்கு இந்த ஐயம் இரத்தத்தில் ஊறியது என்று சொல்வேன். சனவரியில் மன்னவனூர்ப் பக்கம் உறைபனி விழுந்த மறுநாள் பீன்ஸும் உருளைக்கிழங்கும் கருகிக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் ஆண்டுதோறும் மிலார் செடிகளைக் கொண்டு அலங்காரச் செடிகளை மூடிவைப்பதையும் அறிவோம். குளிர்தான் கொல்லும் என்ற எண்ணம் கேள்வி கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் இன்னும் வேகமாகக் குளிர்விக்க வேண்டும் என்று முடிவு செய்து, குப்பியில் இருந்த கரைசலின் அளவைக் குறைத்தோம், நைட்ரஜனுக்குள் குப்பியை ஆட்டிக்கொண்டே இருந்தோம். அறைச்சூட்டில் உள்ள குப்பியைத் திரவ நைட்ரஜனில் இட்டவுடன் அதைச் சுற்றி ஆவிப்படலம் உருவாகி, தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி தன் ஆவியின் மேலேயே மிதந்து ஓடுவதுபோல, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும் என்பதால் ஆட்டுவதில் பொருள் உண்டு. ஆயினும் இரண்டாம் தொகுதியும் சாகவே செய்தது.

உறைபனியோடு ஒப்பிட்டதே பிழை. வயலில் இலை கருகும்போது பனி பெரும்பாலும் செல்களுக்கு வெளியே உருவாகி, உள்ளிருக்கும் நீரை மெல்ல மெல்ல உறிஞ்சுகிறது. சூழல் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சில டிகிரி கீழேதான் இருக்கும். நேரமோ பல மணி. எங்கள் குப்பியில் நடந்தது நொடிக்கணக்கில், முற்றிலும் வேறொரு வெப்பநிலைப் பரப்பில். இந்த வேறுபாட்டை அப்போதே எழுதிப் பார்த்திருந்தால் மூன்று வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

திசையைத் திருப்பியது ஒப்பீட்டுத் தொகுதி. நைட்ரஜனைக் காட்டாமல், மற்ற எல்லாப் படிகளையும் கடந்து நட்ட நுனிகள் ஒரு வாரத்தில் பச்சை கட்டி நன்றாகவே வளர்ந்தன. கரைசல் நஞ்சாகிவிட்டதோ, வெட்டும்போது காயம் பட்டதோ என்ற ஐயங்கள் அத்துடன் தீர்ந்தன. அடுத்து, நெகிழிக் குப்பிக்குப் பதிலாக மெல்லிய கண்ணாடிக் குழாயில் சில நுனிகளை இட்டு நைட்ரஜனில் அமிழ்த்தி, பிறகு நைட்ரஜன் ஆவியில் சற்றே உயர்த்திப் பிடித்து, மேலே படியும் வெண்பனியைச் சாராயம் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்துக் கைவிளக்கின் ஒளியில் பார்த்தோம். முழுக்கக் குளிர்ந்திருந்தபோது கரைசல் தெளிந்த கண்ணாடியாக இருந்தது. நுனிகளும் முன்போல வெளிறிய மஞ்சளில், ஒளி ஊடுருவும்படியே இருந்தன. குழாயை வெளியே எடுத்து மெதுவாக வெப்பமேற விட்டபோது, கரைசல் தெளிவாகவே இருக்க, நுனிகள் மட்டும் வெந்த சோற்றுப் பருக்கை போல வெளுத்தன.

இந்தக் காட்சியில் இரண்டு செய்திகள் இருந்தன. நாங்கள் முதலில் ஒன்றைத்தான் படித்தோம். பனி குளிர்விக்கும்போது விளையவில்லை, சூடேற்றும்போது விளைந்தது என்பது அது. வெளுத்தது நுனி மட்டுமே, கரைசல் அன்று என்ற மற்றொன்றின் பொருள் பின்னர்தான் விளங்கியது.

சூடேற்றும்போது பனி உருவாகும் என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும். படிகம் வளர்வதற்கு இரண்டு வேண்டும்: தொடங்குவதற்கு ஒரு கரு, அதாவது படிகத்தின் முதல் துணுக்கு; அந்தக் கருவில் வந்து ஒட்டிக்கொள்ள மூலக்கூறுகளுக்கு நடமாட்டம். கருக்கள் எளிதில் தோன்றும் வெப்பநிலை, கரைசல் கண்ணாடியாகும் நிலைக்குச் சற்று மேலே, மிகவும் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. படிகம் விரைந்து வளரும் வெப்பநிலையோ அதைவிட வெகுவாக மேலே, உருகுநிலையை ஒட்டி இருக்கிறது. மானாவாரிக் காட்டைக் கொண்டு சொல்வதானால், ஒன்று விதை விழும் இடம், மற்றது மழை பெய்யும் இடம். குளிர்விக்கும்போது திசு முதலில் மழையைக் கடக்கிறது, அப்போது நிலத்தில் விதையில்லை. பிறகு விதை விழும் இடத்தை அடைகிறது, அங்கே மழையில்லை. திரும்பி வரும்போது வரிசை மாறுகிறது; விதைகளைச் சுமந்துகொண்டே மழைக்குள் நுழைகிறது. அந்த மழைப் பரப்பை விதை முளைப்பதற்குள் கடந்துவிடும் வேகம் இருந்தால்தான் திசு பிழைக்கும். இதனால்தான் பனியைத் தவிர்க்கப் போதுமான சூடேற்றும் வேகம், போதுமான குளிர்விக்கும் வேகத்தைவிட எப்போதும் பெரியதாக இருக்கிறது. விலங்குத் திசுக்களுக்குப் பயன்படும் வி.எஸ். 55 என்ற கரைசலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 டிகிரி குளிர்வித்தாலே போதும். திரும்பக் கொண்டுவர நிமிடத்துக்கு 50 டிகிரி அளவு வேண்டும். எலியின் சினைமுட்டைகளைக் கொண்டு சேகி, மேசர் என்ற ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவும், பிழைப்பதைத் தீர்மானிப்பதில் சூடேற்றும் வேகமே குளிர்விக்கும் வேகத்தைவிட முதன்மையானது என்றே காட்டியது.

எங்கள் சூடேற்றம் எவ்வளவு மந்தமாக இருந்தது என்பதை வெளியாள் ஒருவர்தான் சுட்டிக்காட்டினார். சினை ஊசிக்காக நைட்ரஜன் கொண்டுவரும் கால்நடை ஆய்வாளர் ஒருவர், வத்தலக்குண்டிலிருந்து ஏறும் ஜீப்பில் எங்கள் கேனையும் சேர்த்து நிரப்பிக் கொண்டுவந்து தருவார். நாங்கள் குப்பிகளைத் தூக்கி எடுத்து, மேசையில் நிறுத்தி, பெயர்ச்சீட்டைப் படித்துக் குறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கேனோட கழுத்துக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டா பேர் படிப்பாங்க?” என்றார். “பத்து நொடிதானே சார் ஆகுது” என்றேன். “எங்களுக்கு அந்தப் பத்து நொடியே ஆகாது. ஸ்ட்ராவை இடுக்கியால எடுத்தா நேரா வெந்நீர்தான், 37 டிகிரி, முப்பது நொடி” என்றார். ஸ்ட்ரா என்று அவர் சொன்ன விந்துக்குச்சியில் நடப்பது வேறு. அங்கே பனி முன்பே இருக்கிறது, மெதுவாக உருகினால் சிறு படிகங்கள் கூடிப் பெரியவையாகின்றன. ஆனாலும் கைப்பழக்கம் ஒன்றேதான். அன்று மாலை கடிகாரம் வைத்துப் பார்த்தபோது, என் பத்து நொடி உண்மையில் அரை நிமிடத்துக்கும் மேல் என்று தெரிந்தது. வெந்நீர்த் தொட்டியும் அதன் முகப்பில் 40 என்று காட்டினாலும், பத்துக் குப்பிகளை ஒன்றாகப் போட்டவுடன் குப்பியருகே வைத்த வெப்பமானி 31-க்கு இறங்கியது.

இத்தோடு காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்து மூன்றாம் தொகுதியை விரைவாகச் சூடேற்றினோம். ஒன்றிரண்டு மட்டும் துளிர்த்தன. மகிழ்ச்சியைவிடக் குழப்பமே மிகுதி.

அப்போதுதான் கண்ணாடிக் குழாயின் இரண்டாம் செய்திக்குத் திரும்பினோம். கரைசல் தெளிவாகவும் நுனி வெளுத்தும் இருந்தால், குறை கரைசலின் செறிவில் இல்லை. அந்தக் கரைசல் தன் வேலையை நுனிக்குள் முடிக்கவில்லை. உள்ளே நீர் மிச்சமிருக்கிறது. ஊறவைத்து எடுத்த நுனிகளைத் தாளில் ஒற்றி எடையிட்டு, பிறகு அடுப்பில் முழுக்க உலர்த்தி மீண்டும் எடையிட்டதில் இதுவே உறுதியாயிற்று. ஆனால் நேரம் சரியாகத்தானே இருந்தது? மூன்று மணி நேரம், ஒரு நிமிடமும் குறையாமல்.

செய்முறைக் குறிப்பில் “அறை வெப்பநிலையில் ஊறவைக்க” என்று இருந்தது. அதை எழுதியவருக்கு அறை என்றால் 23 முதல் 25 டிகிரி. எங்கள் வளர்ப்பறை மட்டுமே 25 டிகிரியில் கட்டுப்படுத்தப்பட்டது. கிருமி படாமல் வேலை செய்வதற்கான தூய்காற்று மேசை இருக்கும் அறையில் டிசம்பர் மாதக் காலை 13 டிகிரிதான். இங்கே உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அதுவும் அறை வெப்பநிலையே, சால்வை போர்த்தினால் போதும். பாகுக்கு அது போதாது. 13 டிகிரியில் பி.வி.எஸ். 3 தேனைப் போல இறுகி நகர்கிறது, திசுவிலிருந்து நீர் வெளியேறுவதும் மந்தப்படுகிறது. மூன்று மணி நேரம் என்ற எண்ணை நாங்கள் பிடித்துக்கொண்டோம். அந்த எண் எந்தச் சூட்டுக்கு உரியது என்று கேட்கவில்லை. இந்த மலையில் இது முதல் முறையும் அன்று. கருவிகளைக் கிருமிநீக்கும் அழுத்தக் கொதிகலனில் முள் 15 பவுண்டைக் காட்டினாலும், 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் உள்ளே 121 டிகிரி வராது, ஏறத்தாழ 117-தான் வரும். சமவெளியில் எழுதிய எண்கள் மலையேறும்போது உரு மாறுகின்றன. திரவ நைட்ரஜனே இங்கே இரண்டு டிகிரி தாழ்ந்து, -198 அருகே கொதிக்கிறது. அதனால் மட்டும் எந்தத் தொல்லையும் இல்லை.

இரண்டு காரணங்களையும் பிரித்தறிய நான்கு தொகுதிகளை ஒரே நாளில் வைத்தோம்: 13 டிகிரியில் ஊறவைத்து மெதுவாகச் சூடேற்றியது, அதே குளிரில் ஊறவைத்து விரைவாகச் சூடேற்றியது, 25 டிகிரியில் ஊறவைத்து மெதுவாகச் சூடேற்றியது, 25 டிகிரியில் ஊறவைத்து விரைவாகச் சூடேற்றியது. 25 டிகிரிக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. தெர்மோகோல் பெட்டியும் ஒரு குண்டு பல்பும் வெப்பமானியும் போதுமாக இருந்தன. முதல் தொகுதியில் எதுவும் தேறவில்லை. இரண்டாவதில் முன்போலவே ஒன்றிரண்டு. மூன்றாவதில் பாதிக்கும் குறைவு. நான்காவதில் பெரும்பான்மை துளிர்த்தது. ஒவ்வொன்றிலும் 20 நுனிகளே இருந்ததால் விழுக்காடாக எழுத எனக்கு மனமில்லை. வேறுபாட்டின் திசை ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த முடிவை ஒரு வரியில் “சூடேற்றும் வேகமே காரணம்” என்று எழுதிவிட முடியும். அது பாதிதான் சரி. நீர் போதிய அளவு வெளியேறாத நுனி, அத்தனை வேகமும் கொடுத்தாலும் பிழைப்பது அரிது. நன்றாக நீரிழந்த நுனி, வேகம் சற்றுக் குறைந்தாலும் ஓரளவு தாங்குகிறது. திசுவுக்குள் மீந்த நீர்தான், திரும்பும் வழியில் எவ்வளவு விரைவு வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் தனித்தனிப் பிழைகளாகக் கருதியிருந்தால் ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டிருப்போம். உண்மையில் மூன்றாம் தொகுதியில் அதைத்தான் செய்தோம்.

அதன் பிறகு குப்பியைக் கைவிட்டு, அலுமினியத் தாள் கீற்றின் மேல் ஒவ்வொரு சொட்டுக் கரைசலில் ஒவ்வொரு நுனியை வைத்து நேரே நைட்ரஜனில் அமிழ்த்தும் முறைக்கு மாறினோம். வாழையையும் உருளைக்கிழங்கையும் காக்கும் வங்கிகளில் இது பரவலாக உள்ளது. கீற்றை நைட்ரஜனிலிருந்து எடுத்தவுடன் 40 டிகிரிக்குச் சூடாக்கிய சர்க்கரைக் கரைசலில் நேரே இட்டுவிடலாம். நெகிழிச் சுவரும் ஒரு மில்லிலிட்டர் பாகும் இடையே இல்லாததால் வெப்பம் உடனே பாய்கிறது. பெயர்ச்சீட்டைப் படிக்க நேரமே இல்லை என்பதால், கீற்றின் வெட்டு வடிவத்தையே அடையாளமாக்கிக்கொண்டோம்.

இவ்வளவு எளிதாக வேகம் கூட்ட முடிந்தது, நுனி மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்ததால்தான். சிறுநீரகம் போன்ற உறுப்பில் வெந்நீரால் வெளிப்புறம் மட்டுமே சூடாகும். நடுப்பகுதி பின்தங்கி அங்கே பனி விளையும், வெளிக்கும் உள்ளுக்குமான வேறுபாட்டால் கண்ணாடி விரிசலும் விடும். கண்ணாடியாக்கிய முயல் சிறுநீரகம் ஒன்று மீண்டும் பொருத்தப்பட்டு இயங்கியது என்று 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது என்றாலும், முறையாகத் திரும்பப் பெறும் வழி அமையவில்லை. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை இரத்தக்குழாய்வழியே உறுப்பெங்கும் நிரப்பி, மாறும் காந்தப்புலத்தில் வைத்து உள்ளிருந்தே ஒரே சீராகச் சூடேற்றும் வழியை 2017-இல் திசுக்களில் காட்டினார்கள். 2023-இல் 100 நாள் வரை அவ்வாறு வைத்திருந்த எலிச் சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்தி இயங்கச் செய்தார்கள். அங்கும் சிக்கல் குளிர்விப்பில் அன்று, திரும்பும் வழியில்தான்.

விரிசல் எங்களுக்கும் உண்டு. சில நுனிகள் வெளுக்காமலே, நடுவே மயிரிழைபோல் பிளந்து வருகின்றன. கண்ணாடிநிலை நெகிழும் வெப்பநிலையை மிக வேகமாகக் கடப்பதால் இவ்வாறு ஆகக்கூடும் என்று கருதுகிறோம். அந்தப் புள்ளிக்குக் கீழே சற்று மெதுவாகவும், மேலே மிக விரைவாகவும் செல்ல, கீற்றை நைட்ரஜன் ஆவியில் ஓரிரு நொடி நிறுத்திப் பார்க்கிறோம். இரண்டு நொடிக்கும் ஐந்து நொடிக்கும் இடையே கை தடுமாறுவதால், இதுவரை கிடைத்த முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியவில்லை.

இன்னொரு திருத்தமும் செய்ய வேண்டியிருந்தது. குளிருக்காகச் சன்னல்களை அடைத்துக்கொண்டு நைட்ரஜன் ஊற்றும் பழக்கம் எங்களுக்கு இருந்தது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகப் பெருகி அறையின் உயிர்வளியை இடம்பெயர்க்கும் என்பதால், இப்போது எவ்வளவு குளிர்ந்தாலும் இரண்டு சன்னல்கள் திறந்தே இருக்கின்றன. அதனால் அறை மேலும் குளிர்கிறது. தெர்மோகோல் பெட்டிக்குள் பல்பு கூடுதல் நேரம் எரிகிறது.

பதிவேட்டில் “ஊறவைத்த நேரம்” என்ற பத்திக்குப் பக்கத்தில் “கரைசலின் சூடு” என்று புதிய பத்தி ஒன்று சேர்த்திருக்கிறோம்; அறையின் சூட்டை அல்ல, வெப்பமானியைப் பாகுக்குள்ளேயே விட்டு அளந்த எண்ணை அதில் எழுத வேண்டும். பூம்பாறையில் இரண்டு குடும்பங்களிடமும் கவுஞ்சியில் ஒரு குடும்பத்திடமும் வாங்கிய பற்களின் நுனிகள் இப்போது கேனில் இருக்கின்றன. அவற்றிலிருந்து மாதம் ஒரு கீற்றை எடுத்துத் துளிர்க்க வைத்துப் பார்க்கிறோம்.